முதியோருக்கான டிமென்ஷியா ஸ்க்ரீனிங்: மூன்று நிமிடச் சோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

"மூணு வார்த்தை சொல்றேன், ஞாபகம் வெச்சுக்கோங்க" என்கிறார் மருத்துவர். வாழைப்பழம், சூரிய உதயம், நாற்காலி. எதிரே இருக்கும் பெரியவர் அவற்றைத் திருப்பிச் சொல்கிறார். அடுத்து ஒரு தாளில் வட்டம். அதற்குள் கடிகாரத்தின் எண்களை எழுதி, 11 மணி 10 நிமிடம் காட்டும்படி முட்களைப் போடச் சொல்கிறார். போட்டு முடித்ததும், "முதல்ல சொன்ன மூணு வார்த்தை என்ன?"

சோதனை அவ்வளவுதான். இதற்கு மினி-காக் என்று பெயர். யாரை மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டும் என்று முதலில் சலித்தெடுக்கும் இந்த மாதிரிச் சோதனையைத்தான் ஸ்க்ரீனிங் என்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சூ போர்சனும் அவருடைய குழுவினரும் 2000-இல் வெளியிட்டார்கள். நினைவுகூரும் ஒவ்வொரு சொல்லுக்கும் 1 மதிப்பெண். கடிகாரம் சரியாக இருந்தால் 2, தவறு என்றால் 0. மொத்தம் 5. அதில் 3-க்குக் கீழே வந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று பொருள். ஏறக்குறைய 3 நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதால், கூட்டம் நிறைந்த வெளிநோயாளர் பிரிவிலும் செய்ய முடிகிற ஒன்று.

கடிகாரத்தில் ஏன் 11:10? பத்து நிமிடம் என்று காதில் விழுந்ததும் கை தானாக 10 என்ற எண்ணை நோக்கிப் போகும். அந்த இழுப்பை அடக்கி, நிமிட முள் 2-இல் நிற்க வேண்டும் என்று யோசிப்பது மூளையின் முன்பகுதி செய்யும் வேலை. திட்டமிடுவது, அவசரப்படாமல் நிறுத்திக்கொள்வது எல்லாம் அந்தப் பகுதியைச் சேர்ந்தவை. டிமென்ஷியா தொடங்கிய பலர் 10-க்கும் 11-க்கும் முள் போட்டுவிட்டு, சரியாகத்தான் போட்டிருக்கிறோம் என்று நம்பிக்கையோடு தாளைத் திருப்பிக் கொடுப்பார்கள். மூன்றே சொற்களும் ஒரு வட்டமும் இவ்வளவு வேலை செய்வது ஆச்சரியம்தான். ஆனால் இந்தத் தாளை வைத்துக்கொண்டு ஒருவருக்கு டிமென்ஷியா இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி.

முதலில் டிமென்ஷியா என்றால் என்ன என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இது ஒரு தனி நோயின் பெயர் இல்லை. நினைவு, மொழி, திட்டமிடல், வழி கண்டுபிடித்தல், பிறரோடு பழகும் முறை போன்றவற்றில் ஒன்றோ பலவோ முன்பிருந்ததைவிடக் குறைந்து, அந்தக் குறைவால் அன்றாட வேலைகளைத் தானாகச் செய்ய முடியாமல் போனால், அந்த நிலையை டிமென்ஷியா என்கிறார்கள். இந்த நிலைக்குக் கொண்டுபோகும் நோய்களில் அல்சைமர்தான் அதிகம். மூளையின் ரத்தக் குழாய்கள் அடைபடுவதால் வருவது அடுத்தது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுப்படாமல் பல ஆண்டுகள் ஓடிய உடம்பில் இதை எதிர்பார்க்கலாம். லூயி பாடி, முன்மூளைப் பகுதியில் தொடங்கும் வகை என்று வேறு சிலவும் உண்டு. கடைசியாகச் சொன்ன வகையில் நினைவு நன்றாகவே இருக்கும், குணம்தான் முதலில் மாறும். அதனால் நினைவுச் சோதனையில் அவர்கள் எளிதாகத் தேறிவிடக்கூடும்.

மேலே சொன்னதில் இரண்டு இடங்களை அடிக்கோடிட வேண்டும்: "முன்பிருந்ததைவிட" என்பது ஒன்று, "அன்றாட வேலை" என்பது இன்னொன்று. மருத்துவர் அறையில் மூன்று நிமிடம் நடக்கும் சோதனைக்கு இந்த இரண்டுமே தெரியாது. பத்து ஆண்டுகளுக்கு முன் அவர் எப்படி இருந்தார் என்று தாளில் எழுதியிருக்காது. வீட்டில் அவர் என்ன செய்கிறார் என்பதும் அதில் வராது.

நம் வீடுகளில் இது இன்னும் சிக்கல். அப்பாவின் பென்ஷன் மகனுடைய ஃபோனில் இருக்கிறது. சமையல் மருமகள் கைக்குப் போய் எட்டு ஆண்டு ஆகிறது. ரேஷன் கடைக்குப் பேரன் போகிறான். மாத்திரையை யாராவது எடுத்துக் கொடுக்கிறார்கள். பெரியவர் தானாகச் செய்ய வேண்டிய வேலை என்று ஒன்றும் மிச்சமில்லாததால், செய்ய முடியாமல் போனது யாருக்கும் தெரிவதில்லை. வயதானவர்களை உட்கார வைத்துப் பார்த்துக்கொள்ளும் நல்ல வழக்கமே நோயை இரண்டு மூன்று ஆண்டுகள் மறைத்து வைத்துவிடுகிறது. பிறகு ஒரு கல்யாண வீட்டில், புது ஊரில், அம்மா கழிப்பறைக்குப் போய்விட்டுத் திரும்பும் வழி தெரியாமல் நிற்கும்போது குடும்பம் அதிர்ந்துபோகிறது. "திடீர்னு வந்துடுச்சு டாக்டர்" என்பார்கள். திடீரென்று வந்திருக்காது.

படிக்காதவர் தோற்றுப்போகும் பரீட்சை

உலகம் முழுக்க அதிகம் புழங்கிய நினைவுச் சோதனை எம்.எம்.எஸ்.இ. 1975-இல் அமெரிக்காவில் ஃபோல்ஸ்டீன் தம்பதியும் மக்ஹ்யூ என்பவரும் உருவாக்கியது. 30 மதிப்பெண். இன்று என்ன தேதி, எந்த ஊரில் இருக்கிறோம், 100-இலிருந்து ஏழு ஏழாகக் கழி, ஒரு வாக்கியம் எழுது, இந்தப் படத்தைப் பார்த்து வரை என்று போகும். 24-க்குக் கீழே வந்தால் சந்தேகம் என்பது பழைய வழக்கு.

இதில் இருக்கும் கோளாறு பார்த்தவுடன் தெரியும். பள்ளிக்கூடத்துக்கே போகாத ஒரு மூதாட்டியிடம் வாக்கியம் எழுதச் சொன்னால் என்ன செய்வார்? பென்சிலையே பிடித்திராத கை ஐங்கோணத்தை எப்படி வரையும்? 1993-இல் அமெரிக்காவில் பல்லாயிரம் பேரிடம் நடத்திய ஆய்வு ஒன்று இதை எண்களால் காட்டியது. 9 ஆண்டோ அதற்கு மேலோ படித்தவர்களின் நடுமதிப்பெண் (பாதிப்பேர் அதற்குக் கீழே, பாதிப்பேர் மேலே) 29. 5 முதல் 8 ஆண்டுகள் படித்தவர்களுக்கு 26. 4 ஆண்டு வரை மட்டும் படித்தவர்களுக்கு 22. அதாவது, சாதாரணமாக வாழ்ந்துகொண்டிருக்கும், பள்ளிப் படிப்பு குறைந்த மனிதர்களில் பாதிப்பேருக்கு மேல் 24 என்ற கோட்டுக்குக் கீழே விழுந்துவிடுகிறார்கள். சோதனை அளந்தது மூளையையா, பள்ளிக்கூடத்தையா?

எதிர்ப்பக்கமும் உண்டு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் 30-க்கு 28 வாங்கிவிட்டு, வீட்டில் அதே கேள்வியை அரை மணி நேரத்தில் ஆறு முறை கேட்டுக்கொண்டிருக்கலாம். ஆயுள் முழுக்கச் சேர்த்த படிப்பு அவரைத் தேர்வில் காப்பாற்றிவிடும். கனடாவின் மான்ட்ரியலில் 2005-இல் உருவான மோகா என்ற சோதனை கொஞ்சம் கடினமானது, இப்படிப்பட்டவர்களைப் பிடிப்பதில் மேல். ஆனால் 12 ஆண்டு அல்லது அதற்குக் குறைவாகப் படித்தவருக்கு 1 மதிப்பெண் கூட்டிக் கொடுப்பதோடு அதன் கருணை முடிந்துவிடுகிறது. பள்ளிக்கே போகாதவருக்கும் அதே ஒற்றை மதிப்பெண்தான்.

இந்தச் சிக்கலை இந்தியாவில் நேராக எதிர்கொண்டவர்கள் இருக்கிறார்கள். ஹரியானாவின் பல்லப்கர் பகுதியில் எழுதப் படிக்கத் தெரியாத முதியோரே பெரும்பான்மை. அவர்களுக்காக மேரி கங்குலியும் உடன் பணியாற்றியவர்களும் எம்.எம்.எஸ்.இ-யைப் பிரித்துப் போட்டு இந்தியில் புதிதாக அமைத்து, 1995-இல் வெளியிட்டார்கள். வாக்கியம் எழுது என்பதற்குப் பதிலாக, "உங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள்". சொல்லைத் தலைகீழாக எழுத்துக்கூட்டு என்பதற்குப் பதிலாக, கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லுங்கள். "கண்ணை மூடு" என்று எழுதியதைப் படித்துச் செய்ய வேண்டிய இடத்தில், "என் முகத்தைப் பாருங்கள், நான் செய்வதைச் செய்யுங்கள்" என்று சொல்லிக் கேட்பவரே கண்ணை மூடிக்காட்டுவார். மூளையின் அதே திறமையைப் பள்ளிக்கூடம் குறுக்கே வராமல் தொடுவதற்கான வழிகள் இவை. எனக்கு இந்த மாற்றங்களைப் படிக்கும்போதெல்லாம், கேள்வி கேட்பவர்கள் முதலில் எதிரே இருப்பவரைப் பார்த்திருக்கிறார்கள் என்று தோன்றும்.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 1998-இல் கொச்சியில் நடந்த கூட்டத்தில் 10/66 என்ற ஆய்வுக் குழு உருவானது. டிமென்ஷியா உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வளரும் நாடுகளில் இருக்கும்போது, மக்களிடையே நடக்கும் ஆய்வில் பத்தில் ஒரு பங்குகூட அங்கே நடப்பதில்லை என்ற கணக்கே அந்தப் பெயர். அவர்களுடைய இந்திய ஆய்வுக் களங்கள் நகரத்துக்குச் சென்னை, கிராமத்துக்கு வேலூர். கல்வி குறைவால் தவறாக முத்திரை குத்திவிடாத முறையை உருவாக்குவது அவர்கள் வேலையின் மையம். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் சமூக சுகாதாரப் பணியாளர்கள் பயன்படுத்தும்படி சுருக்கமான ஸ்க்ரீனிங் கேள்வித்தொகுப்பு ஒன்றையும் 2009-இல் வெளியிட்டார்கள். பெரியவருக்கு ஒன்று, அவரோடு இருப்பவருக்கு ஒன்று.

உடன் வந்தவரிடம் ஒரு வார்த்தை

அந்த இரண்டாவது கேள்வித்தாள்தான் என் கணக்கில் முக்கியமானது. 2005-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஏ.டி.8 என்ற தொகுப்பில் எட்டே கேள்விகள். நோயாளியை நன்கு அறிந்த ஒருவர் ஆம், இல்லை என்று சொன்னால் போதும். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாரா? பிடித்த விஷயங்களில் ஆர்வம் குறைந்துவிட்டதா? பணக் கணக்கு பார்ப்பதில் தடுமாறுகிறாரா? ரிமோட் போன்ற சாதனங்களைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்வது கடினமாகிவிட்டதா? மாதமோ ஆண்டோ மறந்துபோகிறதா? இந்த மாதிரி. இரண்டு அல்லது அதற்கு மேல் "ஆம், மாறியிருக்கிறது" என்றால் பார்க்க வேண்டும்.

கேள்வி எல்லாமே மாற்றத்தைப் பற்றியது. அவர் எவ்வளவு படித்தார் என்பது இங்கே பெரிதாகக் குறுக்கிடாது, ஏனென்றால் ஒப்பிடுவது அவரை அவரோடேதான். ஆஸ்திரேலியாவில் 2002-இல் குடும்ப மருத்துவர்களுக்கென்றே ஹென்றி பிராடட்டி குழுவினர் உருவாக்கிய ஜி.பி.காக் சோதனையும் இதே வழியில் போகிறது. நோயாளியிடம் 9 மதிப்பெண் கேள்விகள். முழுசாக வாங்கினால் நிறுத்திக்கொள்ளலாம். 5-இலிருந்து 8 வரை வந்தால் முடிவு செய்யாமல் உடன் இருப்பவரிடம் 6 கேள்விகள் கேட்க வேண்டும்.

நம்மூரில் இதைச் செய்யும்போது ஒரு ஒழுங்கு வேண்டும். சோதனை நடக்கும்போது மகள் பக்கத்தில் உட்கார்ந்து "அப்பா, சூரியன்... சூரியன்..." என்று எடுத்துக் கொடுத்தால் சோதனை கெட்டுவிடும். அதேபோல அப்பா முன்னாலேயே "இவருக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லைங்க" என்று பட்டியல் போடுவது அவரைச் சபையில் நிறுத்தி அவமானப்படுத்துவது. இரண்டு பேரிடமும் தனித்தனியாகப் பேசுவதே முறை. பெரியவருக்குக் காது கேட்கிறதா, கண்ணாடி போட்டிருக்கிறாரா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். கேட்காத சொல்லை எப்படி நினைவில் வைப்பது? கேள்வி அவர் வீட்டில் பேசும் மொழியில் இருக்க வேண்டும். மதுரையில் வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் பாட்டிக்குத் தமிழ்க் கேள்விகூட அரைக் கேள்விதான். தேதி கேட்டால் "ஆடி பிறந்து பத்து நாள் இருக்கும், செவ்வாய்க்கிழமை" என்று சொன்னால் அது சரியான விடை. ஆங்கில மாதம் சொல்லவில்லை என்று மதிப்பெண் வெட்டுவது கேட்பவருடைய குறை.

எல்லாருக்கும் செய்துவிட்டால் என்ன?

நியாயமான கேள்வி. மூன்று நிமிடம்தானே, 60 வயது தாண்டிய எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் பார்த்துவிடலாமே? இங்கேதான் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். பொறுமையாகப் பாருங்கள், கடினமில்லை.

இந்தியா முழுவதும் நடந்த லாசி-டாட் ஆய்வு 2023-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 60 வயதுக்கு மேற்பட்டோரில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருக்கிறது. ஏறக்குறைய 88 லட்சம் பேர். அப்படியானால் 1000 முதியோரில் 74 பேர். நம் கையில் இருக்கும் சோதனை, நோய் உள்ள 100 பேரில் 80 பேரைப் பிடிக்கும், நோய் இல்லாத 100 பேரில் 15 பேரைத் தவறாகச் சுட்டிக்காட்டும் என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண்.

74 பேரில் 59 பேரைப் பிடித்துவிடுவோம். 15 பேர் தப்பிவிடுவார்கள். நோயில்லாத 926 பேரில் 139 பேரைத் தவறாகச் சுட்டுவோம். ஆக, "சந்தேகம்" என்று சீட்டு வாங்கியவர்கள் 198 பேர், அவர்களில் உண்மையாக நோய் உள்ளவர்கள் 59 பேர். பத்தில் மூன்று! மிச்ச ஏழு பேரும் வீட்டுக்குப் போய்த் தூக்கம் இல்லாமல் கிடப்பார்கள். ஒரு தப்பு விடை சொன்னதற்காகச் சொத்துப் பத்திரத்தில் கையெழுத்து செல்லுமா என்று உறவுக்காரர்கள் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

இப்போது அதே சோதனையை வேறு கூட்டத்தில் வைத்துப் பார்ப்போம். "கொஞ்ச நாளாவே இவர் பழைய மாதிரி இல்லை" என்று வீட்டில் யாராவது சொல்லி வந்த 1000 பேர். இவர்களில் 400 பேருக்கு நோய் இருக்கிறது என்று கொள்வோம். 320 பேரைப் பிடிப்போம், நோயில்லாத 600 பேரில் 90 பேரைத் தவறாகச் சுட்டுவோம். சீட்டு வாங்கிய 410 பேரில் 320 பேர் உண்மையான நோயாளிகள். ஏறக்குறைய பத்தில் எட்டு. சோதனை ஒன்றுதான். யாரிடம் வைக்கிறோம் என்பது மாறியதும் அதன் சொல்லுக்கு இருக்கும் மதிப்பே மாறிவிட்டது.

இதனால்தான் பெரிய மருத்துவ அமைப்புகள் தயங்குகின்றன. அமெரிக்காவின் தடுப்பு மருத்துவச் சேவைகளுக்கான பணிக்குழு 2020-இல், அறிகுறி இல்லாத 65 வயதுக்கு மேற்பட்டோருக்கு ஸ்க்ரீனிங் செய்வதில் நன்மை அதிகமா தீமை அதிகமா என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. கனடாவின் பணிக்குழு 2016-இல் இன்னும் நேராக, அறிகுறி இல்லாதவர்களுக்குச் செய்ய வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. அமெரிக்காவின் இந்தியானாவில் 4000-க்கு மேற்பட்ட முதியோரை வைத்து நடந்த சோதனையில், ஸ்க்ரீனிங் செய்யப்பட்டவர்களின் வாழ்க்கைத் தரம் ஓராண்டுக்குப் பிறகு மற்றவர்களைவிட உயரவில்லை. மனச்சோர்வோ பதற்றமோ கூடவும் இல்லை. சந்தேகம் என்று வந்தவர்களில் பெரும்பாலோர் அடுத்த கட்டப் பரிசோதனைக்கே போக மறுத்துவிட்டார்கள். இந்தக் கடைசித் தகவலை நான் அவ்வளவு லேசாகத் தள்ள மாட்டேன். கேட்காதவர்களுக்குச் சோதனை வைத்தால் விடையும் அவர்களுக்கு வேண்டாததாகத்தான் இருக்கும்.

இங்கிலாந்தில் வேறு மாதிரி ஒரு கூத்து நடந்தது. 2014-இல், டிமென்ஷியா பதிவேட்டில் புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொரு நோயாளிக்கும் குடும்ப மருத்துவர்களுக்கு 55 பவுண்டு என்று அறிவித்தார்கள். தலைக்கு இவ்வளவு என்று நோய்க்குக் காசா என்று மருத்துவர்களே கொதித்தார்கள். 2015 மார்ச்சோடு திட்டம் முடிந்துபோனது.

அப்படியானால் சும்மா இருக்கலாமா? இல்லை. அறிகுறி இல்லாத எல்லாரையும் சலிப்பது ஒன்று, ஏதோ ஒரு மாற்றம் கண்ணில் பட்டவுடன் பார்த்துவிடுவது இன்னொன்று. நான் இரண்டாவது கட்சி. அதற்கு நம் ஆரம்ப சுகாதார நிலையங்களைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்றும் நினைக்கிறேன். சர்க்கரைக்கும் பி.பி-க்கும் மாதா மாதம் மாத்திரை வாங்க வரும் பெரியவரை அங்கே இருக்கும் செவிலியருக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. கொண்டுவரும் பெண் போன மாத அட்டையில் பாதி மாத்திரை மிச்சம் இருப்பதையோ, ஒரே வாரத்தில் அட்டை காலியாகிவிட்டதையோ பார்க்க முடியும். அதைவிட நல்ல ஸ்க்ரீனிங் கேள்வி எது? தேசிய அளவில் ஆஷா பணியாளர்கள் நிரப்பும் சமூக மதிப்பீட்டுப் படிவத்தில் 60 வயதுக்கு மேற்பட்டோருக்கான பகுதியில், நெருங்கியவர்களின் பெயரோ சொந்த வீட்டு முகவரியோ மறந்துபோகிறதா என்று ஒரு கேள்வி ஏற்கெனவே இருக்கிறது. ஆரம்ப நிலையைப் பிடிக்க அது ரொம்பத் தாமதமான கேள்வி, பேரன் பெயர் மறக்கும் முன்பே எவ்வளவோ போயிருக்கும். இருந்தாலும் கேள்வி இருக்கிறது. அதை "இல்லை" என்று தானாகவே டிக் போட்டு நகராமல் கேட்டால் கொஞ்சமாவது பயன்.

சோதனையில் குறைந்தால் அடுத்து என்ன?

இந்த இடத்தில் பல குடும்பங்கள் ஒரு தப்பு செய்கின்றன. மதிப்பெண் குறைவு என்றதும் டிமென்ஷியா என்று முடிவு கட்டி, "வயசானா இப்படித்தான்" என்று கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். குறைந்த மதிப்பெண்ணுக்குப் பின்னால் சரிசெய்யக்கூடிய காரணங்கள் எத்தனையோ இருக்கலாம். அவற்றைத் தேடுவதுதான் முதல் நிலை மருத்துவருடைய உண்மையான வேலை.

தைராய்டு சுரப்பு குறைவு. வைட்டமின் பி12 குறைவு, குறிப்பாகச் சைவ உணவு மட்டும் சாப்பிடுவோருக்கும் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடுவோருக்கும். ரத்தத்தில் சோடியம் இறங்குவது, பி.பி-க்கும் கால் வீக்கத்துக்கும் கொடுக்கும் நீர் மாத்திரைகளால் இது வரும். இவை எல்லாமே ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். சில வாரங்களுக்கு முன் குளியலறையில் வழுக்கித் தலையில் அடிபட்டிருந்தால் மூளை உறைக்குக் கீழே ரத்தம் மெல்லக் கசிந்து தேங்கியிருக்கலாம். சி.டி. ஸ்கேனில் தெரியும், அறுவை சிகிச்சையில் சரியாகும்.

மாத்திரைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டில் இருக்கும் மருந்துப் பையை அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோய்க் கொட்டுங்கள். அரிப்புக்கும் சளிக்கும் கடையில் கேட்டு வாங்கும் ஏவில் போன்ற பழைய அலர்ஜி மாத்திரைகள், தூக்கத்துக்கான அல்பிரஸோலம், நரம்பு வலிக்கான அமிட்ரிப்டிலின், அடிக்கடி சிறுநீர் போவதை நிறுத்தும் மாத்திரைகள் எல்லாமே முதியவர் மூளையை மந்தமாக்கக்கூடியவை. நான்கு மருத்துவர்கள் ஆளுக்கு ஒன்றாக எழுதியவை ஒரே பையில் சேரும்போது, அந்த நான்கு பேரில் யாருக்கும் மொத்தக் கணக்கு தெரியாது. ஆனால் எதையும் நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், தூக்க மாத்திரையை அப்படி நிறுத்துவது ஆபத்து.

மனச்சோர்வு இன்னொன்று. மனைவியை இழந்த பெரியவர் ஒருவர் யோசனையே ஓடாமல் உட்கார்ந்திருப்பார், கேட்டால் "ஞாபகமே இல்லைங்க" என்பார். பொதுவாக மனச்சோர்வில் இருப்பவர் தன் மறதியைப் பற்றித் தானே புலம்புவார். டிமென்ஷியாவில் பெரும்பாலும் வீட்டார்தான் புலம்புவார்கள், அவர் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். இது எப்போதும் பொருந்தும் விதி இல்லை, இரண்டும் சேர்ந்தும் வரும். மனச்சோர்வுக்குச் சிகிச்சை கொடுத்துவிட்டுச் சில மாதம் கழித்துத் திரும்பச் சோதிப்பது வழக்கம்.

அப்புறம் ஓர் எச்சரிக்கை. நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று குழம்பிப் பேசுகிறார், ஆள் தெரியவில்லை, இல்லாததைக் காண்கிறார் என்றால் அங்கே ஸ்க்ரீனிங் தாளுக்கு வேலையே இல்லை. நோய்த்தொற்று, சோடியம், சர்க்கரை, பக்கவாதம் என்று எதுவாகவும் இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனை.

எல்லாம் பார்த்தும் காரணம் பிடிபடவில்லை, அன்றாட வேலைகளும் தடுமாறுகின்றன என்றால்தான் நரம்பியல் நிபுணரிடமோ மனநல மருத்துவரிடமோ முதியோர் நல மருத்துவரிடமோ போக வேண்டியது. சென்னைக்காரர்களுக்குக் கிண்டியில் 2024-இல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை உண்டு. மற்ற மாவட்டங்களில் அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் தொடங்கலாம். சோதனையில் குறைந்தாலும் அன்றாட வேலை தடுமாறாத நிலை ஒன்றும் இருக்கிறது. லேசான அறிவாற்றல் குறைவு என்பார்கள். அவர்களில் சிலருக்கு அது டிமென்ஷியாவாக வளரும், சிலருக்கு அப்படியே நிற்கும், சிலர் பழையபடி திரும்பியும் விடுகிறார்கள். ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் மறுபடி பார்க்க வேண்டும்.

குணப்படுத்த முடியாத நோயை முன்கூட்டியே தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. டொனெபெஸில் போன்ற மாத்திரைகள் சிலருக்குச் சில காலம் ஓரளவு உதவும், நோயை நிறுத்தாது. அமெரிக்காவில் 2023-இல் முழு ஒப்புதல் பெற்ற லெகானெமாப், 2024-இல் ஒப்புதல் பெற்ற டொனானெமாப் என்ற ஊசிகள் அல்சைமரின் ஆரம்ப நிலையில் மட்டும், அதுவும் கொஞ்சம் வேகத்தைக் குறைக்கும். மூளையில் வீக்கமும் ரத்தக் கசிவும் வரலாம் என்பதால் ஸ்கேன் எடுத்துக்கொண்டே போட வேண்டியவை.

மருந்தைவிடப் பெரிய காரணம் சட்டம். அப்பா நன்றாக இருக்கும்போதே பவர் பத்திரம் எழுதி வாங்கிவிட்டோம், கவலையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவின்படி, பவர் கொடுத்தவர் மனத் தெளிவை இழந்தால் அந்த அதிகாரமும் முடிந்துபோகிறது. தேவைப்படும் நேரத்தில் அது உதவாது. உயில், வங்கிக் கணக்கில் கூட்டுப் பெயர், நாமினி, இவற்றை அவர் தானாகப் புரிந்து கையெழுத்திடக்கூடிய காலத்திலேயே முடிக்க வேண்டும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தனக்கு எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும், யார் தன் சார்பில் பேச வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்க வழி கொடுக்கிறது. அதற்கும் தெளிவு இருக்கும் காலம்தான் காலம். அந்தத் தெளிவு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று யாராவது நேரத்தோடு சொன்னால்தான் இதெல்லாம் நடக்கும்.

கடைசியாக, எப்படிக் கூட்டிப் போவது? "உனக்கு மறதி, வா டாக்டர்கிட்ட போகலாம்" என்றால் எந்தப் பெரியவரும் எழுந்து வரமாட்டார். வழக்கமான சர்க்கரை, பி.பி. பரிசோதனைக்குப் போகும் நாளில் சேர்த்துக்கொள்ளுங்கள். போவதற்கு முன் ஒரு தாளில் நீங்கள் கண்ட மாற்றங்களை மூன்று நான்கு வரியில், எப்போது தொடங்கியது என்பதோடு எழுதிக்கொள்ளுங்கள். "ஞாபகம் இல்லை" என்று பொதுவாக எழுதாமல், "தை மாதத்திலிருந்து பால் கணக்கு இரண்டு முறை கொடுக்கிறார்", "கோயிலிலிருந்து வரும் வழியில் இரண்டு தடவை தெரு மாறிப் போய்விட்டார்" என்பது போல. அந்தத் தாளை மருத்துவரிடமோ செவிலியரிடமோ முன்னதாகவே கொடுத்துவிடுங்கள், அவர் முன்னால் வாசிக்க வேண்டிய தேவை இருக்காது. மருத்துவருக்கு நேரமில்லை என்றால் இன்னொரு நாள் கேட்டு வாங்குங்கள். எங்கே போவது என்றே தெரியவில்லை என்றால் முதியோருக்கான கட்டணமில்லா உதவி எண் 14567-ஐ அழைத்துக் கேட்கலாம்.